ஹேர் ஹஸ்பன்ட்

குவைத்
10.02.1981

அன்புள்ள சபூறா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் றஸாக் காக்காவும் சுகமாக வந்து சேர்ந்தோம். நீங்கள் பயந்த விசயத்தை முதலில் எழுதுகிறேன். உங்கள் புருசனையும் என்னையும் புருசன் பெண்சாதி என்று ஏஜென்சிக்காரன் பொய்த் தாள் எழுதியதால் எங்களுக்கு ஒரே அறைதான் தந்தார்கள். ட்ரைவர் வேலைதானே என்று காக்கா அன்றே கார் நிறுத்தும் கொட்டிலில் பாயைப் போட்டுவிட்டார். அவருடைய குறட்டையில் எனக்கு நித்திரை வராது என்று வீட்டுக்கார மேடத்திடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மேடம் லண்டனில் படித்தவர். எங்களோடு இங்கிலீசில்தான் கதைப்பார். கல்முனையில் றோஸ்மேரி டீச்சர் படிப்பித்தது கொஞ்சம் கைகொடுக்கிறது. ஆனால் 'ஹிஸ்', 'ஹேர்' இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறேன். நமக்கு 'அவங்கட' என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் போதும். நேற்று காக்கா கொண்டுவந்த படத்தைப் பார்த்து, உங்கள் பிள்ளைகளா என்று மேடம் கேட்டார். 'ஹிஸ் சில்ட்ரன்' என்றேன். அவர் சிரித்துவிட்டு, 'மை சில்ட்ரன்' என்று சொல்ல வைத்தார். கோபிக்க வேண்டாம் ராத்தா.

உங்கள் தங்கச்சி
ஹாஜறா


கோமாரி
18.03.1981

அன்புள்ள ஹாஜறாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் கோபிக்கவில்லை. கைக்குழந்தைக்காரியை எடுக்கமாட்டோம் என்றதால்தானே உன்னை என் இடத்தில் அனுப்பச் சம்மதித்தேன். உன் மாப்பிள்ளை விட்டுப்போன பிறகு நீ பட்ட பாடும் எனக்குத் தெரியும். ஆனாலும் உன் காக்கா எழுதிய கடிதத்தில் பாதி உன் மீன் ஆணத்தின் ருசியைப் பற்றித்தான் இருந்தது. நான் ஆக்கும்போது ஒரு நாளும் வாய் திறந்து சொல்லாத மனிசன்.

சின்னவன் தவழ்கிறான், அவரிடம் சொல். மற்றது, என் பிள்ளைகளை உன்னுடையவர்கள் என்று அங்கே சொல்ல வேண்டியிருந்தால் சொல்லு. இங்கே வந்து சொல்லிவிடாதே.

சபூறா


குவைத்
25.06.1981

ராத்தா,

தந்தி கிடைத்திருக்கும். காரைக் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் மௌத்தாகிவிட்டார். ஊரில் யாருக்கு அறிவிப்பது என்று முதலாளி கேட்டார். பெண்சாதி என்று நான்தானே நிற்கிறேன். அவருடைய தங்கச்சி என்று சொல்லி உங்கள் பெயரைக் கொடுத்தேன். வேறு வழி தோன்றவில்லை.

அடக்க முதல் மையித்தின் முகத்தை எனக்குக் காட்டினார்கள். நீங்கள் பார்க்க வேண்டிய முகம். உங்களை நினைத்து, என்னை அறியாமல் 'ஹேர் ஹஸ்பன்ட், ஹேர் ஹஸ்பன்ட்' என்று அழுதேன். மேடம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, 'நோ ஹாஜறா, மை ஹஸ்பன்ட்' என்று திருத்தினார். நான் சொல்லும் வரைக்கும் விடவில்லை. சொன்னேன்.

இப்போது புருசன் மௌத்தானவள் என்று என்னை நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருத்தியிருக்கிறார்கள். ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று. சாப்பாடு கதவடிக்கு வருகிறது. உங்கள் புருசனுக்காக நான் கறுப்பு உடுத்திக்கொண்டு இந்த அறைக்குள் இருக்கிறேன். உண்மையைச் சொன்னால், பொய்த் தாளில் வந்ததற்கு மறியலில் அடைத்துவிடுவார்கள் என்று காக்கா முன்பே சொல்லியிருந்தார். ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஹாஜறா


குவைத்
08.11.1981

அன்புள்ள ராத்தாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வராதது நியாயம்தான். ஆனாலும் எழுதுகிறேன், வேறு யாருக்கு எழுதுவது?

இத்தா முடிந்துவிட்டது. மேடம் நல்ல மனிசி, எனக்கு அதுதான் பயம். புதிதாக வந்த ட்ரைவருக்கு என்னை நிகாஹ் செய்துவைக்க முதலாளியோடு கதைத்துவிட்டார். வேண்டாம் என்றேன், ஊருக்குப் போகிறேன் என்றேன். அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள், பிள்ளைகளை மாமிதான் நன்றாகப் பார்க்கிறாரே என்கிறார். பாஸ்போட் அவருடைய அலுமாரிக்குள் இருக்கிறது.

அந்த மாமி நீங்கள்தான். பிள்ளைகளை இனிப் பார்க்க ஏலாது, தாயை அனுப்புங்கள் என்று நீங்கள் இங்கிலீசில் எழுதினால் விட்டுவிடுவார். கேட்க எனக்கு வாயில்லை ராத்தா.

ஹாஜறா


கோமாரி
12.12.1981

ஹாஜறாவுக்கு,

தந்தியில் பெயர் எதுவும் இல்லை. 'யுவர் பிரதர்' காலமானார் என்று தபாற்கந்தோரில் வாசித்துச் சொன்னார்கள். எனக்குக் கூடப்பிறந்த ஆண் யாருமில்லை, இது எனக்கு வந்ததில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அரிசி போடும்போதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு உனக்கு எழுதக் கை வரவில்லை.

நேற்று கல்முனைக்கு பஸ் ஏறினேன். மேடத்துக்கு நீ கேட்ட கடிதத்தை றோஸ்மேரி டீச்சர்தான் எழுதித் தந்தார். விசயம் தெரிந்தவர் என்பதால் 'மை ஹஸ்பன்ட்' என்று தொடங்கினார்.

"டீச்சர், அத வெட்டுங்க. பிரதர் எண்டு போடுங்க" என்றேன்.

என்னைப் பார்த்துவிட்டு வெட்டினார். பிள்ளைகளை யாருடையவர்கள் என்று எழுதுவது என்றார். 'ஹிஸ்' என்றேன். தாயை? 'ஹிஸ் வைஃப்' என்றேன். எழுதி முடித்து இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். அதில் நான் பிள்ளைகளுக்கு மாமியாக மட்டும் இருந்தேன். கையெழுத்து வைத்தேன். பதிவுத் தபாலில் போய்விட்டது.

மேடம் உன்னை விடுவார். வந்தால் உங்கள் வீட்டுக்குப் போகாதே, நேரே கோமாரிக்கு வா. என் எதிரே இருந்து, அவருடைய முகம் எப்படி இருந்தது என்று நீ சொல்ல வேண்டும். கண்ணை யார் மூடினார்கள், கடைசியாக என்ன கதைத்தார், எல்லாம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கையெழுத்து வைத்தேன்.

இப்படிக்கு,
றஸாக்கின் பெண்சாதி
சபூறா