நாரைத்தலைப் படகுக்காரி

நவம்பர் 4, திங்கள்

பேத்தி ரோபின் அனுப்பிய பொட்டலம் வந்தது. அவள் தானே செதுக்கி, தானே அச்செடுத்து, ரெசின் என்கிற பிளாஸ்டிக் பிசினில் வார்த்த முதல் பொம்மை. நாரைத் தலையும் பெண் உடம்புமாக ஒரு படகுக்காரி. சேர்த்து நிறுத்தினால் என் நடுவிரல் உயரம். ஏழு துண்டுகள். ரப்பர் அச்சு கிழிந்துவிட்டதாம், வேறு பிரதி கிடையாது. பதினாறாம் தேதி நாட்டிங்காம் கண்காட்சிக்குள் நான் வண்ணம் தீட்டித் தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஒரு பொம்மைக் கம்பெனிக்காரர் அவளை வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று சொல்வார்.

கூடவே ஒரு தாள். கழுவவும், காயவிடவும், பிறகுதான் ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு என்று கொட்டை எழுத்தில். நான் வளர்ந்த கால்வாய்ச் சரக்குப் படகு எந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமும் நிலைத்து நிற்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்காக? பொம்மைக்கு வண்ணம் தீட்டுவோர் சங்கத்தில் பன்னிரண்டு வருடமாக என் பொம்மைகளைத்தான் முன்வரிசையில் வைக்கிறார்கள்.

நவம்பர் 5

வருடா வருடம் இந்த ராத்திரி ஊரெல்லாம் வாணவெடி. இந்தச் சத்தத்தில் நுணுக்க வேலை ஆகாது. கத்தியை எடுக்கவில்லை.

நவம்பர் 6, புதன்

ரெசின் ஊற்றிய இடங்களில் நீட்டிக்கொண்டிருந்த கொம்புகளை நறுக்கினேன். அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் விழுந்த கோடுகளைக் கத்தி முதுகால் சுரண்டினேன். நாரையின் கழுத்தில் கோடு சரியாக இறகுகளின் மேலே ஓடுகிறது. சுரண்டினால் இறகு போகும், விட்டால் கோடு தெரியும். எவள் அங்கே போய்க் கோடு விழுகிற மாதிரி அச்செடுப்பாள்? என் பேத்திதான். உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்து ஒரு வழி பண்ணினேன். படகுக் கோல் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. சுடுதண்ணீரில் போட்டு நிமிர்த்தி, பச்சைத் தண்ணீரில் முக்கினேன். மறுபடி வளைந்தது. மூன்றாம் முறை திட்டினேன், நின்றது.

பிறகு சோப்புத் தண்ணீரில், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் கழுவினேன். ரோபின் போனில், "நிஜமாவே கழுவினீங்களா பாட்டி? அச்சுல தடவின எண்ணெய் கொஞ்சம் இருந்தாலும் ப்ரைமர் ஒட்டாது."

"உங்கப்பனையே கழுவி வளத்தவடி நான்!"

நவம்பர் 9, சனி

குளிரில் விரல் முட்டியெல்லாம் வெடிப்பு. வழக்கம்போலக் களிம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்து, ஏழு துண்டுகளையும் தக்கைகளில் ஒட்டி நிறுத்தினேன்.

ரோபினின் அம்மா ஷோனா வந்தாள். என் மருமகள்தான். கையில் சிப்ஸ் அடைத்த பன். வெண்ணெய் ஒழுக ஒழுக, மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றாள். "இது கையா காலா அத்தை?" என்று குனிந்து பார்த்தாள்.

மத்தியானம் கொட்டகை வாசலில் ப்ரைமர் அடித்தேன். நாலு மணிக்குப் பார்த்தால் — எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி திட்டுத் திட்டாக விலகி நிற்கிறது! நகம் பட்டால் உரிகிறது.

ஷோனாவுக்குப் போன் போட்டேன். "வெண்ணெய்க் கையோட தொட்டியா?"

"தொடவே இல்லை அத்தை."

"பின்ன பூனையா தொட்டுச்சு?"

"உங்க வீட்ல ஏது பூனை? அது என் பொண்ணு செஞ்சது. நான் போய் கெடுப்பேனா?" வைத்துவிட்டாள். நான் வைப்பதற்கு முன்னால்!

நவம்பர் 10, ஞாயிறு

சங்கத்து டெஸ்மண்டிடம் புலம்பினேன். "உரிச்சுட்டு, கழுவிட்டு, திரும்ப அடிங்க. ஆளைத் தேடாதீங்க" என்கிறார். தேடுவானேன்? ஆள் யாரென்று தெரியுமே.

நவம்பர் 12, செவ்வாய்

உரிக்க உட்கார்ந்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால், படகுக்காரியின் அங்கித் துண்டில், முதுகுப் பக்கம் இருப்பது திட்டு இல்லை. விரல் ரேகை. போலீஸ் மை தடவி எடுத்த மாதிரி. அதன் நடுவே, குறுக்காக ஒரு கோடு.

என் வலது கட்டைவிரலைப் பார்த்தேன். ஒன்பது வயதில் கால்வாய் மதகின் கைப்பிடி கிழித்த தழும்பு.

களிம்பு.

கழுவினேன் கழுவினேன்னு அத்தனை பேர்கிட்டயும் சொன்னேனே. துண்டைக் கழுவினேன். கையை?

நவம்பர் 13, புதன்

பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஆறு துண்டுகளை உரித்துக் கழுவினேன். அங்கியை மட்டும் அப்படியே பிஸ்கட் டப்பாவில் வைத்து, பஸ் ஏறி ஷோனா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் வாங்க என்று சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து, பக்கத்தில் கட்டைவிரலை நீட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இது உங்க தழும்பு."

"ஆமா."

"அப்ப பூனை இல்லை."

"இல்லை. நான்தான். உன்னைச் சொன்னது தப்பு."

உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். சர்க்கரை போடவில்லை. வேண்டுமென்றேதான்.

நவம்பர் 15, வெள்ளி

அங்கியையும் உரித்துக் கழுவி மறுபடி அடித்ததில் ப்ரைமர் பிடித்தது. துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, தீட்டி, முடித்தாயிற்று. கையுறையோடு தூரிகை பிடிப்பது — சேச்சே, எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

நவம்பர் 16, சனி

ஷோனாவின் காரில் போனோம். படகுக்காரியை மேசையில் அவள்தான் எடுத்து வைத்தாள். கம்பெனிக்காரர் குனிந்து நாரைக் கழுத்தையே பார்த்தார். "இறகும் அப்படியே இருக்கு, கோடும் தெரியலை. யார் சுரண்டினது?" ரோபின் என்னைக் காட்டினாள். திங்கட்கிழமை அவளை வரச் சொல்லியிருக்கிறார்.

நான் தீட்டிய அங்கியின் முதுகையும் அவர் பார்க்கட்டுமே என்று பொம்மையைத் திருப்பப் போனேன்.

"அத்தை," என்றாள் ஷோனா, வாயில் சிப்ஸோடு. "தொடாதீங்க."

கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வரை வெளியே எடுக்கவில்லை.