நீங்கள் ஆமென் சொல்லாத ஜெபம்

மதினி,

இன்று மத்தியானம் கரண்டு போய்விட்டது. தெருவில் இருக்கிற தறியெல்லாம் ஒரே நேரத்தில் நின்றது. அதுவரைக்கும் கேட்காத காக்காய்ச் சத்தம் கேட்டது, யார் வீட்டிலோ குக்கர் விசில் கேட்டது. நான் தறிக்கு நூல் தார் சுற்றுகிற மெஷினில் இருந்து கையை எடுத்துவிட்டு, நீங்கள் உட்காருகிற பக்கம் திரும்பிவிட்டேன்.

கரண்டு போனால் மற்றவர்கள் காபி குடிக்கப் போவார்கள். நீங்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தெருப் பிள்ளைகளுக்கு ஜெபம் பண்ண ஆரம்பிப்பீர்கள். உங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வருகிற எந்தப் பிள்ளையும் உங்களைத் தாண்டிப் போக முடியாது. வாசலில் மறித்து, என்ன வேணும், எதுக்குப் பயமா இருக்கு என்று கேட்பீர்கள். எதிர்வீட்டுக் குட்டி, கணக்கு சார் தன்னைக் கேள்வி கேட்கக் கூடாது என்றாள். அதையும் அப்படியே ஆண்டவரிடம் சொன்னீர்கள். நாலு நாள் கழித்து அவளை நிறுத்தி, சார் கேள்வி கேட்டாரா என்று விசாரித்தீர்கள். கேட்டார், ஆனால் பதில் தெரிந்தது என்றாள். உங்களுக்கு அன்றைக்கு அப்படி ஒரு சிரிப்பு.

"ஆண்டவருக்குத் தெரியாததா மதினி? போலீஸ் மாதிரி எதுக்கு இத்தனை கேள்வி?" என்று நான் கேலி பண்ணினேன்.

"அவருக்குத் தெரியும்ட்டி. எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றீர்கள்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த ஜெபம் ஒன்றே ஒன்று. என் மகன் அரசாங்கப் பரீட்சையில் பாஸாக வேண்டும். அவன் அப்பா இறந்துபோன பிறகு திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போனவன், வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதுகிறான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். போனில் பேசினால், சாப்பிட்டியா என்பேன், சாப்பிட்டேன் என்பான், சரிம்மா வைக்கேன் என்பான். அதற்கு மேல் அவனிடம் ஒரு சொல் வாங்க முடியாது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் அந்தப் பரீட்சைக்காக வேண்டும்போது, நீங்கள் ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் இருமுவீர்கள். ஒருநாள் கேட்டே விட்டேன். தொண்டை சரியில்லை என்றீர்கள். பஞ்சுத் தூசிதானே, இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

நீங்கள் இறந்துபோன செய்தியை எதிர்வீட்டுக் குட்டியை விட்டு அவனுக்கு மெசேஜாகத்தான் போடச் சொன்னேன். வருவான் என்று நினைக்கவே இல்லை. விடிவதற்குள் வந்து நின்றான். பெட்டிக்குத் தோள் கொடுத்தான். கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் அழுத அழுகையை, அவன் அப்பா போனபோதுகூட நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, அத்தையோடு உனக்கு அவ்வளவு பழக்கமா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஆனா போன் போட்டுருவாகம்மா. இந்த வாரம் உனக்கு என்னத்துக்குலே ஜெபம் பண்ணட்டும்னு கேப்பாக. நானும் சொல்லுவேன்."

"என்ன சொல்லுவே?"

"பரீட்சையெல்லாம் விட்டு வருசக்கணக்காச்சு. அத்தைக்குத் தெரியும்."

எனக்கு அந்த இருமல் ஞாபகம் வந்தது. அவன் வேண்டாம் என்று விட்டதை நான் தினமும் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நீங்கள் பொய்க்கு ஆமென் சொல்லவும் மாட்டாமல், அவன் சொன்னதை வெளியே விடவும் மாட்டாமல் இருமியிருக்கிறீர்கள்.

வேறு என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அது அத்தைட்ட சொன்னதும்மா" என்று எழுந்து போய்விட்டான்.

முதலில் உங்கள் மேல் கோபம்தான் வந்தது மதினி. பெற்றவளுக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியலாம்? பிறகு கோபம் போய், யோசனை வந்தது. இன்னும் போகவில்லை. அவன் என்னதான் சொன்னான்? யாராவது பெண்ணைப் பற்றியா? உடம்புக்கு ஏதாவதா? அம்மையிடம் சொல்லுலே என்று ஒருதடவையாவது சொன்னீர்களா? அவன் என்ன பதில் சொன்னான்? எல்லாவற்றையும் உங்களோடேயே கொண்டுபோய்விட்டீர்கள். இனி அவனிடம் யார் கேட்பார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் நானே போன் போட்டேன். சாப்பிட்டியா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "மக்கா, இந்த வாரம் உனக்கு என்னத்துக்கு ஜெபம் பண்ணட்டும்?" என்றேன்.

வைத்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"கடைவாய்ப் பல்லு வலிக்கும்மா" என்றான்.

"எந்தப் பக்கம்லே?"

"இடப்பக்கம். வீங்கியிருக்கு."

அவ்வளவுதான் சொன்னான். உங்களிடம் சொன்னதில் இது கால்வாசிகூட இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவனாக எனக்குத் தந்தது. தார் சுற்றும்போதும், சோறு வடிக்கும்போதும் ஆண்டவரிடம் அதையேதான் சொல்கிறேன். அவன் இடப்பக்கத்துக் கடைவாய்ப் பல், ஆண்டவரே. உங்களை மாதிரி அழகாகச் சொல்ல வராது எனக்கு. ஞாயிறு வரைக்கும் பொறுக்கவும் முடியவில்லை. நாளைக் காலையிலேயே போன் போட்டுக் கேட்கப் போகிறேன், வீக்கம் வடிந்திருக்கிறதா என்று.