தாழைமாநகரில் கவிழ்த்து வைத்த குவளை

நலமே நிலவுக. மலை தளராது மழை பிழையாது விளங்கும் குன்றுநாட்டின் கோமான், யானைக்கொடி உயர்த்திய செங்கோடவர்மப் பெருமானின் ஆணை தாங்கித் தாழைமாநகருக்குத் தூது வந்த மந்திரி எயினந்தையார், கீழெல்லைப் பாசறையில் படையோடு காத்திருக்கும் தண்டநாயகர் வேளாதனார் சமூகத்துக்கு விடுக்கும் ஓலை. தங்கள் யானைகள் நலமா, குதிரைகள் நலமா, தங்கள் முழங்கால் வலி தணிந்ததா என்று மந்திரியார் முதற்கண் வினவுகிறார். அவர் சொல்லக் கேட்டும், உடன் நடந்து கண்டதைச் சேர்த்தும் இதை எழுதுபவன் ஓலைநாயகம் மாறம்பூதன். ஓலை நீண்டுவிட்டதே என்று சலித்துக்கொள்ளாமல், கடைசி ஏடு வரை வாசித்த பிறகே முரசைத் தொட வேண்டுகிறோம்.

வந்த காரியம் தாங்கள் அறிந்ததே. இந்நகருக்கு மிளகு விற்க வந்த நம் வணிகர்களை ஆளுக்கொரு வீட்டில் அடைத்து, தெருவே காவல் நிற்கிறது என்று, அவர்களில் ஒருவனாகிய, கழியை நீந்தித் தப்பிய மள்ளன் வந்து அழுதான். பௌர்ணமிக்குள் அவர்களை மீட்டுக்கொண்டு மந்திரியார் திரும்பாவிட்டால் படை நகருக்குள் புகட்டும் என்று பெருமானும் சினந்து மொழிந்தார். அடைபட்டவர்களில் ஒருவன் மந்திரியாரின் தம்பி இளநாகன். தாய் போன பிறகு இவர் தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. வழியெல்லாம் மந்திரியார் சரியாக உண்ணவில்லை. அவனை அடித்திருப்பார்களோ, பட்டினி போட்டிருப்பார்களோ என்று இவர் கேட்டுக் கேட்டு, பதில் சொல்லி மாளவில்லை எங்களுக்கு.

நகரை அடைந்த காலையில் அரண்மனைக் கதவு சாத்திக் கிடந்தது. தாழைமாதேவியாருக்குப் பல்வலி. பல்வலியோடு அரசி வழங்கும் தீர்ப்பு செல்லாது என்பது இவ்வூர்ச் சட்டமாம். வாயில் அதிகாரி ஒருவர் வந்து, தேவியாரின் கன்ன வீக்கம் வற்றட்டும், அதுவரை ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்று பணிவோடு சொல்லிவிட்டுப் போய்விட்டார். போர் தலைக்குமேல் நிற்கையில் பல்லைக் காரணம் காட்டுகிறார்களே என்று மந்திரியாருக்கு எரிச்சலான எரிச்சல். ஆனாலும் விடுதியில் அடைந்து கிடப்பதைவிடத் தெருத்தெருவாய்ப் போனால் தம்பியை ஏதாவதொரு சன்னலிலாவது காணலாம் என்று கிளம்பினார்.

தண்டநாயகரே, இந்த நகரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே கடைகள் எல்லாம் படகுகள். கடல் வற்றும்போது அவை சேற்றில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பார்த்தால் நம்மூர்க் கடைத்தெருதான். நீர் ஏறியதும் தெரு மொத்தமும் எழுந்து மிதக்கிறது. புளிக்கடைக்காரர் பேரம் பேசிக்கொண்டே துடுப்பை எடுக்கிறார். மீன் விற்கும் பெண்கள் கூவுவதில்லை. மத்திக்கு ஒரு மணி, சுறாவுக்கு ஒரு மணி, நண்டுக்குக் கிலுகிலுப்பை. கேட்டவுடன் என்ன குழம்பு என்று வீட்டிலிருப்பவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். வெயிலுக்குக் குடை பிடிக்கவென்றே கூலியாட்கள் இருக்கிறார்கள்; நாம் நின்றால் நிற்கிறார்கள், ஓடினால் ஓடுகிறார்கள். மந்திரியார் அவர்களில் ஒருவரை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே சந்துக்குள் திடீரென்று திரும்பிச் சோதித்துப் பார்த்தார். பிறகு சட்டென்று முகம் வாடி, தம்பி அடைபட்டுக் கிடக்கையில் நான் வேடிக்கை பார்க்கிறேனே, நானெல்லாம் ஒரு அண்ணனா என்று வருந்தினார். வருந்திக்கொண்டே அடுத்த கடையையும் எட்டிப் பார்த்தார். ஆவல் அப்படிப்பட்டது, என்ன செய்வது!

வளையல் கடைப் படகில் அவர் ஒரு காலை வைத்த வேளையில் நீர் ஏறிவிட்டது. கடை நகர்ந்தது. இறங்குங்கள் என்று நாங்கள் கத்த, ஏறுங்கள் என்று கடைக்காரர் கத்த, மந்திரியார் ஏறிவிட்டார். கரையோரமாக நானும் மூச்சிரைக்க ஓடினேன். வளைவு ஒன்றில் அவரை ஒரு வீட்டின் படியில் இறக்கிவிட்டது படகு. அது அப்பம் சுட்டு விற்கும் கொற்றியின் வீடு. நனைந்து நின்றவரைக் கண்டதும் அவள் வெட்டிவேர் போட்ட தண்ணீரைக் குவளையில் கொடுத்தாள். பின்னால் வந்த எனக்கும் ஒன்று கிடைத்தது.

இனி நடந்ததைக் கவனமாகக் கேட்டருள்க. நம் குன்றுநாட்டில் குடித்த குவளையைக் கவிழ்த்து வைத்தால்தான் மரியாதை. வயிறு குளிர்ந்தது, கொடுத்த கை வாழ்க என்று பொருள். நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்தால் போதவில்லை என்று குறை சொன்னதாகும். ஆகவே மந்திரியார் குடித்து முடித்து, குவளையைப் படியில் கவிழ்த்து வைத்துக் கும்பிட்டார்.

அவ்வளவுதான், தெருவே திரண்டுவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். கொற்றி இரண்டு கன்னத்திலும் கைவைத்து, அடி ஆத்தி, நம்ம வீட்டுக்கும் ஒருத்தர் வந்துட்டாருடி, பெரிய உலையா வையுங்கடி என்று உள்ளே பார்த்துக் கூவினாள். மந்திரியார் விடைபெற்று இறங்க முயன்றபோது தெருவார் கைகோத்து மறித்தார்கள். மந்திரியார் வெளிறிப்போனார். தம்பியும் இப்படித்தான் பிடிபட்டிருப்பான் என்று அவருக்கு அப்போதே புரிந்தது. எதற்கு என்பதுதான் புரியவில்லை.

அதையும் கொற்றியே சொன்னாள். இந்நகரில் ஒருவர் அந்நிய வீட்டுப் படியில் குவளையைக் கவிழ்த்தால், எனக்குப் போக்கிடம் இல்லை, உங்கள் கூரையே என் கூரை என்று அடைக்கலம் கேட்டதாகுமாம். அடுத்த பௌர்ணமி நிலவு எழும்வரை அவரை வைத்துச் சோறிடுவது அந்த வீட்டின் மானம். இடையில் அவர் வெளியேறினால், சோற்றுக்குக் கணக்குப் பார்த்த வீடு என்று ஊர் தள்ளிவைத்துவிடும். அதனால்தான் தெரு காவல் நிற்கிறது, விருந்தாளியை வதைக்க அன்று, வீட்டைக் காக்க. இதை அரசியாலும் மாற்ற முடியாது. மிளகு விற்க வந்த நம்மவர் அத்தனை பேரும் தண்ணீர் வாங்கிக் குடித்து, ஒருவர் தவறாமல் மரியாதையாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள்! ஏன் ஐயா, உங்க நாட்டுல அம்புட்டுப் பஞ்சமா, வர்றவுகெல்லாம் போக்கிடம் இல்லேங்கிறீகளே என்று அவள் கண்கலங்கக் கேட்டபோது மந்திரியார் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்? நான் என் கைக்குவளையை நிமிர்த்தியபடியே, ஒரு சொட்டும் சிந்தாமல் தரையில் வைத்தேன்.

தெருவுக்குள் நடமாட விருந்தாளிக்குத் தடையில்லை என்றார்கள். மூன்றாம் வீட்டிலேயே இளநாகன் இருந்தான். கன்னம் உப்பி, தொந்தி விழுந்து, மடியில் அந்த வீட்டுக் குழந்தையை வைத்துக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தான். மந்திரியார் அவனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். பிறகு முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தார். அண்ணா, வேண்டாம் என்றாலும் விடமாட்டேன் என்கிறார்கள், மீனாகவே போட்டுக் கொல்கிறார்கள் என்று அவன் முறையிட்டான். இதைத்தான் மள்ளன் சித்திரவதை என்று தங்களிடம் சொன்னான்.

மள்ளன் தங்கியிருந்த வீட்டையும் மந்திரியார் பார்த்தார். வலை முடையும் நீலியும் அவள் கணவனும் அங்கே வாழ்கிறார்கள். கதவில் முட்கிளை கட்டியிருக்கிறது. அவர்கள் முடைந்த வலையை யாரும் வாங்குவதில்லை, அவர்கள் அடுப்புக்கு யாரும் நெருப்புத் தருவதில்லை. மந்திரியார் வாசலில் நின்று, குற்றம் எங்கள் நாட்டானுடையது என்று உரக்கச் சொன்னார். கதவுக்கு உள்ளிருந்து நீலி கேட்டது ஒன்றுதான்: அன்னைக்கு மீன் உறைப்பாப் போச்சு, அதுக்கா ஓடிட்டாரு? மள்ளன் பௌர்ணமிக்கு முன் திரும்பி வந்து, நிலவு எழும்வரை அந்த வீட்டில் உண்டு இருந்தால் முள்ளை அவிழ்க்கலாம் என்று தெருவார் சொன்னார்கள்.

மாலையில் தேவியாரிடமிருந்து ஆள் வந்தார். ஒரு வீட்டின் விருந்தாளியை அரசவைக்கு அழைப்பது முறையன்று என்றும், நிலவு எழுந்ததும் அனைவரும் தடையின்றிப் புறப்படலாம் என்றும், பஞ்சத்தால் வாடும் குன்றுநாட்டுக்கு நெல் ஏற்றிய படகுகள் ஆயத்தம் என்றும் தெரிவித்தார். பல்வலிக்கிடையிலும் நம்மீது அவ்வளவு இரக்கம்.

ஆகவே மந்திரியார் குறித்த நாளுக்குள் திரும்ப இயலாது. இவ்வோலை கழுத்தில் கத்தி வைத்து எழுதப்பட்டது என்று தாங்கள் ஐயுறுவது இயல்பே. படைக்கு வழிகாட்டத் தங்கள் பக்கத்தில் நிற்கும் மள்ளனை அழைத்து, தண்ணீர் குடித்த பின் குவளையை என்ன செய்தாய், உன்னை யாரேனும் ஒரு விரலால் தொட்டார்களா என்று மட்டும் கேட்டருள்க. அவன் முகமே சொல்லும். கேட்காமல் படை நகர்ந்தால், நம் யானைகள் முதலில் மிதிப்பது நமக்குச் சோறிட்ட வீடுகளை.

பெருமானின் கணையாழியை ஏந்திய உரிமையால் மந்திரியார் இடும் ஆணை இது: முரசின் தோலைத் தளர்த்துக. யானைகளை மலைக்குத் திருப்புக. தப்பிய வீரன் என்று தாங்கள் அளித்த வாளை மள்ளனிடமிருந்து வாங்கிக்கொண்டு, வெறுங்கையனாக, ஓலை கண்ட பொழுதே அவனை விரைகுதிரையில் இங்கே அனுப்புக. தண்டிக்க அன்று, சாப்பிட. நீலி உலை வைத்துக் காத்திருக்கிறாள். யானை முத்திரை இட்டோம். மீறற்க.