காளானில் ஒரு பங்கு

மரக்காணம்,
18.11.2005

அன்பிற்குரிய உங்களுக்கு, ரேணுகா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை போனில் வேறு என்ன விசேஷம் என்று கேட்டீர்கள். காளான் முளைத்திருக்கிறது என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்பதை நான் சொல்லவில்லை. தெய்வசிகாமணி கடையில் எனக்குப் பின்னால் இன்னும் சிலர் அவரவர் போனுக்காக நின்றிருந்தார்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதை இந்தக் கடிதம் முடிவதற்குள் எழுதிவிட முடியுமா என்று பார்க்கிறேன்.

முதலில் வீட்டு விஷயம். தீபாவளிக்கு முன்பே பிடித்த மழை இன்னும் முழுதாக விடவில்லை. சமையல்கட்டு ஓரத்தில் ஒழுகியது, ஓடு மாற்றியாகிவிட்டது. நீங்கள் அனுப்பிய கம்பளியை அத்தைதான் போர்த்திக்கொள்கிறார். உப்பளம் முழுக்கத் தண்ணீர். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. வேலை இல்லாததால் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே கிடையாது. பின்வாசலில் நின்றால் மோட்டார் கொட்டகையும் நாரைகளும்தான் தெரிகின்றன. நூலகத்தில் எடுத்த புத்தகங்களை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கிறேன். பஸ் ஒழுங்காக வராததால் மாற்றி எடுக்கப் போகவில்லை.

இடி இடித்த மறுநாளிலிருந்து மேற்கே செம்மண் மேட்டில், முந்திரித் தோப்புக்குள் இருக்கும் கரையான் புற்றுகளைச் சுற்றிக் காளான் கிளம்பியிருக்கிறது. விடியும்போதே போய்விட வேண்டும், வெயில் ஏறினால் புழு வைத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் அத்தை வீட்டுப் படி இறங்கும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டார். வழுக்கும், நீ விழுந்துவிடப் போகிறாய் என்றார். எனக்காகத்தான் பிடிக்கிறார் என்று நம்பினேன். நீங்கள் விமானம் ஏறிப் போன பிறகு என் கையை யாரும் பிடித்து நடந்ததில்லை. அதனால் காரணத்தை நான் யோசிக்கவே இல்லை.

தோப்புக்குள் ஒரு புற்றின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அத்தை என் கையை விட்டுவிட்டு வேகமாகப் போய்க் குனிந்தார். அது கிழிந்த பிளாஸ்டிக் பை. எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார், அதற்காகவே வந்ததுபோல. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையான காளான் இரண்டடி தள்ளி இருந்தது. நான் போய் அதன் பக்கத்தில் நின்று, அத்தை, இங்கே மண் பிளந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். வந்து குச்சியால் தோண்டி, நீளமான வேரோடு எடுத்தார். விரல்களில் தடுமாற்றமே இல்லை.

அப்போதுதான் மற்றதெல்லாம் எனக்குப் புரிந்தது. நம் தெருவில் யார் காளான் பறித்து வந்தாலும் அத்தையிடம் காட்டாமல் சமைப்பதில்லை என்ற வழக்கம் நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. கூடையைக் கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள். அத்தை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து விஷமுள்ள நாய்க்குடையைத் தூக்கி எறிவார். போன வருடம் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இந்த வருடம் அத்தை கூடைக்காரர்களிடம் புதிதாக ஒன்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்: "வேரோட கொண்டாந்தாத்தான் பார்ப்பேன்." புற்றிலிருந்து வரும் நல்ல காளானுக்கு நீள வேர் இருக்கும். நாய்க்குடைக்கு அது கிடையாது. கண் இல்லாமலே விரலால் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் சேறு ஒட்டுகிறது என்று பெண்கள் வேரை அறுத்துவிட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். போன சனிக்கிழமை எதிர்வீட்டு சாலம்மாள் அக்கா கொண்டுவந்த கூடையும் அப்படித்தான். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்கு ஆசையாக இருக்கிறதாம். அத்தை வேர் எங்கே என்று கேட்டார். அக்கா சிரித்தார். "வேரையா திங்கப் போறோம்? பாத்துக் குடுக்கா" என்றார். வாசலில் இன்னும் நான்கைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அத்தை ஒவ்வொன்றையும் தடவினார், முகர்ந்தார். நல்லதுதான், எடுத்துக்கொண்டு போ என்றார்.

அதில் மூன்று காளான்களில் குடையின் அடிப்பக்கம் லேசாகப் பாசி நிறமாக இருந்தது. அத்தை போன வருடம் தூக்கி எறிந்தவை அந்த நிறம்தான். அந்தப் பெண்கள் முன்னால், அத்தை, உங்களுக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? எனக்கு வாயில் வந்தது வேறு. எங்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள் அக்கா என்றேன். கேட்டுவிட்டுக் கூடையில் கையை விட்டு அந்த மூன்றையும் நானே எடுத்துக்கொண்டேன்.

சாலம்மாள் அக்கா என்னையே பார்த்தார். பிறகு மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "டிகிரி படிச்ச புள்ள, இன்னா மரியாத பாருங்க. மாசக்காரி வாய்க்குப் போறதுல பங்கு கேக்குது" என்றார். யாரோ, மஸ்கட் பணம் வந்தும் நாக்கு அடங்கவில்லை என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

அந்த மூன்றையும் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். மத்தியானம் ரசம் வைத்தேன். அத்தை தட்டின் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் கையை வைக்கவில்லை. "காளான் கொழம்பு வாசன வரலியே" என்றார். எத்தனை இருந்தது என்று கேட்டார். மூன்று என்றேன். எங்கே போட்டாய் என்றார். சொன்னேன். கோழி கிளறாத ஆழத்தில் புதைத்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன்பிறகு சாப்பிட்டார். கை கழுவும்போது சொன்னார்: "புள்ளைக்கு எழுதிடாத. வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவான்."

மறுநாள் காலை வந்த கூடைக்காரிகளிடம், இனிமேல் பார்த்துக் கொடுப்பதற்குப் பங்கு உண்டு, முதலில் மருமகள் எடுத்துக்கொள்வாள் என்று அத்தையே அறிவித்துவிட்டார். நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அத்தை தடவுகிறார். நான் எடுக்கிறேன். எனக்குத் தெரிந்தது அந்தப் பாசி நிறம் ஒன்றுதான். அது இல்லாமலும் கெட்டது இருக்குமா என்று எனக்குத் தெரியாது. நூலகத்தில் எடுத்த தாவரப் புத்தகத்தில் காளானுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. படங்கள் கறுப்பு வெள்ளை. குழாயடியில் நான் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அது பரவாயில்லை. நான் தவறவிடப்போகும் ஒரு காளானை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். யாருக்கு என்று கேட்டார். அத்தோடு முடிந்தது. நீங்கள் சொன்னால் கேட்பார். புரை என்றால் இப்போதெல்லாம் சின்ன அறுவைதான் என்கிறார்கள்.

இனி அந்த இன்னொரு காரணம். நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவீர்கள் என்று அத்தை பயந்தார். அதைக் கேட்டபோது எனக்கு வந்தது பயம் இல்லை. அதனால்தான் போனில் வாய் எழவில்லை. சொன்னால் அத்தைக்காகச் சொன்னேனா என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

பொங்கலுக்கு லீவு கேட்டுப் பாருங்கள். வந்து அம்மாவை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அத்தைக்காகத்தான் கேட்கிறேன்.

உங்கள் உடல்நலத்தை எந்நாளும் வேண்டும்,
ரேணுகா


மரக்காணம்,
20.2.2006

அன்பிற்குரிய உங்களுக்கு, ரேணுகா எழுதுவது.

லீவு கிடைக்கவில்லை, நீயே தைரியமாக அழைத்துப் போ என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்தபோது நாங்கள் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதனால் பதில் தாமதம். நடந்ததைப் போனில் துண்டு துண்டாகச் சொன்னேன். ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

டிசம்பரில் திரும்பவும் மழை பிடித்துக் காளான் வந்தது. சாலம்மாள் அக்கா பெரிய கூடை நிறையப் பறித்துவந்தார். ஆனால் எங்கள் வாசலுக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் நான் கூடையில் கையை விட்டுப் பங்கு எடுப்பேன் என்று நேராக அடுப்பில் ஏற்றிவிட்டார். பொழுது சாய்வதற்குள் அவர், அவர் வீட்டுக்காரர், மகள் மூன்று பேருக்கும் நிற்காத வாந்தி. அந்தப் பெண்ணை மினி லாரியில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். அப்போது அவளுக்கு எட்டாம் மாதம்.

மறுநாள் காலை உறவுக்காரர்கள் நம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பங்கு பங்கு என்று அலைந்ததால்தானே அவள் கொண்டுவரவில்லை, இப்போது இரண்டு உயிர் ஊசலாடுகிறது என்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அத்தை சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். அதுவரை யார் எதிரிலும் அப்படிச் சுவரைத் தடவி நடந்தவர் இல்லை.

"அவ பங்கு கேக்கல. எனக்குக் கண்ணு தெரியல. நான் நல்லதுன்னு குடுத்ததுல இருந்து கெட்டத எடுத்துப் பொதச்சா. எம் மானத்துக்காவ உங்ககிட்ட பேச்சு வாங்கினா."

பிறகு கூட்டத்தில் ஒரு பெண், ஏன் அக்கா முன்னாலேயே சொல்லக்கூடாதா என்று மெதுவாகக் கேட்டார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். பிடி இறுக்கமாக இருந்தது. பொங்கல் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவரே சொன்னார்.

சாலம்மாள் அக்காவும் வீட்டுக்காரரும் தேறிவிட்டார்கள், மகளும் பிழைத்துவிட்டாள். ஜனவரி கடைசியில் ஆண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, ஆனால் நலம். சாலம்மாள் அக்கா இப்போது என்னோடு பேசுகிறார். குழாயடியில் எனக்கு இடமும் விடுகிறார். பழைய பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

அத்தைக்கு வலது கண்ணில் அறுவை முடிந்தது. இடது கண்ணைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். கட்டைப் பிரித்ததும் டாக்டர் விரல்களைக் காட்டினார். அத்தை எண்ணிச் சரியாகச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். "நீ இப்டிதான் இருப்பியா?" என்றார். கல்யாணத்தன்று ஓமப் புகையில் சரியாகப் பார்க்கவில்லை, அதற்கப்புறம் மெல்ல மெல்ல எல்லாமே புகைதான் என்று சொல்லிச் சிரித்தார். நர்ஸும் சிரித்தார். வீட்டுக்கு வரும் பஸ்ஸில், மிகவும் இளைத்திருக்கிறாய், அவனிடம் சொன்னாயா என்று கேட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகப் போனில் சொன்னீர்கள். சரி என்றேன். லைன் சரியில்லாததால் நான் சொன்னது உங்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும். மதிய நேரத்தில் தலையில் துணி கட்டாமல் வெளியே நிற்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு வாரமாவது வந்துவிட்டுப் போகப் பாருங்கள். இந்தத் தடவை அத்தைக்காக இல்லை.

என்றும் உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ரேணுகா

பி.கு. உப்பளத்தில் தண்ணீர் வடிந்து பாத்தியை மிதித்து இறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்று காலை நாங்களும் போனோம். அத்தை வரப்பில் எனக்கு முன்னால், கையை வீசிக்கொண்டு தனியாக நடந்து போனார்.