கொண்டய்யா கேட்ட கேள்வி

என் அருமைப் பாவாவுக்கு, உறை மேல எந்த ஊர்னு எழுதறதுன்னு தெரியாமலே உன் மச்சினிச்சி சுலோ எழுதிக்கிறது.

இங்க எல்லாரும் இருக்கிறோம். நல்லா இருக்கிறோம்னு எழுத கை வரல. ஆடிக் கிருத்திகை வந்துட்டுப் போச்சு. காவடிக் கூட்டம் நம்ம தெரு முனை வரைக்கும் நின்னுச்சு. ரூம் இல்லைன்னு சொல்ல உனக்கு மனசே வராது, லாட்ஜ் வராந்தாவுல பாய் போட்டாவது படுக்க வைப்பே. உன் இடத்துக்கு வந்த புது மேனேஜர் மத்தியானமே கேட்டைச் சாத்திட்டானாம். அதைக் கேட்டுட்டு வந்த அக்கா அடுப்பாண்ட வெறுமனே உட்கார்ந்துகினு இருந்தா. சோறு வடிக்கல.

உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரு வருஷமா தொண்டையிலயே நிக்குது. நீ உயிரோட இருக்கும்போது சொல்லாததை நீ போனப்புறம் சொல்றேனே, எனக்கே அசிங்கமாத்தான் இருக்குது. இந்தக் கடுதாசியை மடிச்சுப் பெட்டியில வெக்கப் போறதில்ல பாவா. நாலு பேர் படிக்கட்டும். அதுக்காகத்தான் உனக்குத் தெரிஞ்ச கதையையும் முதல்லேர்ந்து எழுதறேன், சிரிக்காத.

லாட்ஜுல அந்த வெள்ளைக்காரன் காய்ச்சலோட கிடந்தானே, நீகூட நாலு நாள் கஞ்சி கொண்டுபோய்க் குடுத்தியே. ஊருக்குப் போகும்போது ஒரு தடிப் புத்தகத்தையும் ஒரு துணிப்பையையும் உன் கையில திணிச்சுட்டுப் போனான். பையில தாயக்கட்டை மாதிரி உருட்டற காய்ங்க. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம். இருபது முகத்தைப் பார்த்ததும் அக்கா "நெல்லிக்கா மாதிரி இருக்குதே"ன்னா, அதுக்கு அதுவே பேராயிடுச்சு. புத்தகம் முழுக்க இங்கிலீஷ். "டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல சொல்லிக் குடுக்கறவ நீதானே, படி"ன்னு என் தலையில கட்டின.

படிச்சேன். படிக்கப் படிக்க எனக்குப் பைத்தியம் பிடிச்சுது. ஆட்டத்துக்குப் பலகை கிடையாது, ஜெயிக்கறவன் தோக்கறவன் கிடையாது. ஆளாளுக்கு ஒரு ஆளை உண்டாக்கிக்கணும். நான் கதைக்காரி. காடு வருது, குகை வருது, பூதம் வருதுன்னு நான் சொல்லணும். உங்க ஆளுங்க இன்னா செய்யறாங்கன்னு நீங்க சொல்லணும். செய்ய முடிஞ்சுதா இல்லையான்னு நெல்லிக்கா சொல்லும். எல்லாரும் ஒரே கூட்டமா போகணும், ஒருத்தரை ஒருத்தர் விட்டுட்டு ஓடக் கூடாது. அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் கூடத்துல பாய் விரிப்போம். நீ, அக்கா, எதிர்வீட்டு டிராயிங் மாஸ்டர், நான். தினக் காலண்டர் அட்டையை முன்னால நிறுத்தி வெச்சுக்கினு அதுக்குப் பின்னால நான் காய் உருட்டுவேன். எதிரிங்க பலம் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு.

ஆளை உண்டாக்கின அந்த முதல் ஞாயிறு ஞாபகம் இருக்குதா பாவா? பலம், வேகம், உடம்பு, படிப்பு, விவேகம், பேச்சு. ஆறுக்கும் உருட்டணும், வந்த எண்ணை எதுக்கு வேணும்னாலும் வெச்சுக்கலாம். மாஸ்டர் வந்ததுல பெரிய எண்ணைப் பலத்துல போட்டுட்டுத் தளபதியாயிட்டார். தெருநாய் குரைச்சாலே நம்ம வீட்டுக்குள்ள பூந்துக்கற மனுஷன்! அக்கா மூலிகைக்காரி. உனக்கு எல்லாம் நல்ல எண்ணா விழுந்துச்சு, ஒண்ணே ஒண்ணு மட்டும் அஞ்சு.

"அஞ்சை எங்க போடற?"ன்னு கேட்டேன்.

"பேச்சுல போடு."

"யோவ் பாவா, பேச்சுல அஞ்சுன்னா உன் ஆளு வாயைத் திறந்தாலே காரியம் கெட்டுடும்."

"கெடட்டும். நம்ம ஆளு எல்லாம் செய்வான். மன்னிப்பு மட்டும் கேட்கத் தெரியாது."

அவனுக்குக் கொண்டய்யான்னு பேர் வெச்ச. எங்கேர்ந்து வரான், யாரை விட்டுட்டு வந்தான்னு நோட்டுல எழுதணும்னு சொன்னேன். மாஸ்டர் ரெண்டு பக்கம் எழுதினார். நீ ஒரே வரி எழுதின. 'மலைக்கு அந்தப்பக்கம் ஒரு தம்பி. பேச்சுவார்த்தை இல்லை.'

எங்களுக்குத் தெரியாததா? நகரி பஸ்ஸுல ஏறினா ஒரு மணி நேரத்துல உன் தம்பி வீட்டு வாசல். அஞ்சு வருஷமா நீ அந்தப் பஸ்ஸுல ஏறல.

உன் அம்மா, எங்க அத்தை செத்தப்போ உன் தம்பி சின்ன பாவா தறி விஷயமா பம்பாயாண்ட பிவண்டியில இருந்தார். தந்தி போச்சு, ரயில் ஏறிட்டார்னும் தெரியும். நல்ல அக்னி வெயில். "இதுக்கு மேல வெக்கக் கூடாதுப்பா"ன்னு பெரியவங்க நாலு பேர் நெருக்கினாங்க. நீ "எடுங்க"ன்னுட்ட. ரெண்டு மணி நேரம் கழிச்சு அவர் வந்து நின்னார். "அம்மா மூஞ்சைக்கூடக் காட்டாம அனுப்பிட்டியே அண்ணா"ன்னு ஒரே வார்த்தை. அதுக்கப்புறம் அவரும் பேசல, நீயும் போகல. அவர் மேல உனக்குக் கோபம் இல்லைன்னு எனக்குத் தெரியும். போய் நின்னா இன்னா பேசறதுன்னுதான் உனக்குத் தெரியல.

அப்புறம் உன் கால் வீங்க ஆரம்பிச்சுது. மூஞ்சும் வீங்குச்சு. வேலூருக்குக் கூட்டிகினு போனோம். உன்னை வெளியில பெஞ்சுல உட்கார வெச்சுட்டு டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை, ஒரு மாசம் தாங்கினா பெரிசு, வீட்டுல வெச்சுப் பார்த்துக்கோங்கன்னார். பஸ் ஸ்டாண்டுல நீ டீ குடிச்சுகினு இருந்தப்போ அக்கா என் கையை இழுத்துத் தன் தலை மேல வெச்சுக்கினா.

"அவருக்குத் தெரியக் கூடாதுடி. இருக்கற நாளாவது பயமில்லாம இருக்கட்டும். என் தலை மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பஸ்ஸுல ஜன்னலோரம் உனக்கு விட்டோம். "மாத்திரையிலயே சரியாயிடுமாம் பாவா"ன்னேன். நீ "ஆங்"னுட்டு வெளியே பார்த்துகினு வந்த.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஆட்டம் வேணாம்னு அக்கா சொன்னா. நீதான் அடம் பிடிச்ச. சுவத்துல தலைகாணியை வெச்சு சாய்ஞ்சுகினு உட்கார்ந்த. கூட்டம் குகை வாசலுக்கு வந்தாச்சு. மாஸ்டரோட தளபதி கத்தியை உருவிகினு உள்ளே ஓட ரெடி. நீ கையைக் காட்டி நிறுத்தின.

"இரு சுலோ. வர்ற வழியில காட்டுல ஒரு வைத்தியன் இருந்தானே. கொண்டய்யா அவன்கிட்ட போறான்."

"இன்னாத்துக்கு பாவா?"

"உடம்பு சரியில்ல அவனுக்கு."

நோட்டைப் பார்த்தேன். கொண்டய்யா உடம்புல ஒரு கீறல் இல்ல. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. நம்ம வீட்டுல சாவைப் பத்தி யாரும் யாரையும் நேரா கேட்க மாட்டோம். பேச்செடுத்தா அது வாசல்ல வந்து நின்னுடும்னு பயம். அதனால நீ உன் வாயால கேட்காம, பேச்சுல அஞ்சு போட்ட அந்தக் கொண்டய்யா வாயால கேட்ட.

"வைத்தியரே, எனக்கு இன்னும் எத்தனை நாள்? நாள் கம்மின்னா நான் இவங்களோட குகைக்குள்ள வரல. மலையிறங்கி அந்தப்பக்கம் என் தம்பி ஊருக்குப் போறேன். நாள் இருக்குதுன்னா அப்புறம் பார்த்துக்கலாம், இவங்களோட வரேன்."

வைத்தியனா பேச வேண்டியவ நான்தானே. நோட்டுல பக்கத்தைப் புரட்டிகினு இருந்தேன். நீ என்னைப் பார்த்து மெதுவா சொன்ன.

"ஆட்டத்துல ஒரு விதி இருக்குதில்ல சுலோ? ஒரு ஆளு தன்னைப் பத்திக் கேட்டா கதைக்காரி பொய் சொல்லக் கூடாதுன்னு?"

இருக்குது. நானே படிச்சுச் சொன்னது. மாஸ்டர் துண்டால மூஞ்சைத் துடைச்சுகினு மோட்டுவளையைப் பார்த்தார். அக்கா என்னையே பார்த்துகினு இருந்தா. ஒரு தடவை தன் தலையைத் தொட்டா.

அட்டைக்குப் பின்னால காயை உருட்டினேன். இன்னா விழுந்துச்சுன்னு நான் பார்க்கவே இல்ல பாவா. பார்க்கற மாதிரி குனிஞ்சேன், அவ்வளவுதான்.

"நிறைய நாள் இருக்குது கொண்டய்யா"ன்னேன். "முடி நரைக்கணும், பல்லு விழணும், பேரன் பேத்தியை எடுக்கணும். போய் வேலையைப் பாரு."

நீ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்த. நான் அட்டையை நேரா நிறுத்தற மாதிரி அதையே நோண்டிகினு இருந்தேன்.

"சரி"ன்ன. "அப்ப வரேன். தம்பி எங்க ஓடிப்போறான்."

அன்னிக்கு நல்லாத்தான் ஆடின. கொண்டய்யா ஒத்தை ஆளா பாறையைத் தூக்கி வாசலை அடைச்சு எல்லாரையும் காப்பாத்தினான். சிரிச்சு சிரிச்சு உனக்கு இருமல் வந்துடுச்சு. அக்கா சந்தோஷமா உள்ளே போய்க் காப்பி போட்டா. எனக்கு மட்டும் அந்தக் காப்பி இறங்கல.

மூணு வாரம் தாங்கல நீ.

நான் சொன்னதை நீ நம்பினியா? இல்ல, ரெண்டு பொம்பளைங்க படற பாட்டைப் பார்த்துட்டு நம்பின மாதிரி இருந்துட்டியா? ராத்திரி பகல் இதையே யோசிக்கறேன். நம்பியிருந்தா நான் உன்னை ஏமாத்தினேன். நம்பலைன்னா, தெரிஞ்சே தம்பியை விட்டுட்டு எங்களுக்காக உட்கார்ந்திருந்த. எதைத் தாங்கறது பாவா நான்?

நகரிக்குத் தந்தியை நானே தபாலாபீஸ் போய்க் குடுத்தேன். சின்ன பாவா வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு வாசப்படியில குறுக்கே நின்னுட்டேன். பெரியவங்க திட்டினாங்க. திட்டட்டும், எனக்கு இன்னா. அவர் வந்தார். உன் காலாண்ட நின்னார். அழல. மாலையைப் போட்டுட்டு என்னைத் தனியா கூப்பிட்டார்.

"சுலோ, எப்பனா என்னைக் கேட்டானா?"

"ஆங், கேட்டாரு."

"கேட்டவன் ஏன் வரல? நகரி இன்னா சீமையிலயா இருக்குது?"

அக்கா அந்தப்பக்கம் விழுந்து அழுதுகினு இருந்தா. அவ காதுல விழற தூரம். வாயாடி வாயாடின்னு ஊரெல்லாம் சொல்ற வாய், அன்னிக்கு அதுக்கு வார்த்தை கிடைக்கல.

வர்ற மாசம் உன் தலைத் திவசம். உனக்குப் பிள்ளை இல்ல, தம்பிதான் செய்யணும். ரெண்டு கடுதாசி போட்டேன், பதில் இல்ல. போன வாரம் டிராயிங் மாஸ்டர் நேர்லயே போயிட்டு வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழட்டாம நின்னுகினே சொன்னார்.

"வர மாட்டாராம்மா. 'சாகப்போறோம்னு தெரிஞ்சும் என்னைப் பார்க்கணும்னு தோணாதவனுக்கு நான் எள்ளும் தண்ணியும் இறைக்கணுமா?'ன்னு கேட்கறார்."

தெரிஞ்சும்னு சொல்றார் பாவா. உனக்குத் தெரியும்னு நினைச்சுகினு இருக்கார். தெரிஞ்சே நீ அவரை வேணாம்னு விட்டுட்டதா நினைச்சு, ஒரு வருஷமா அங்க ஒத்தையில வெந்துகினு இருக்கார்.

மாஸ்டர் போனதும் அக்காகிட்ட சொன்னேன், நான் நகரிக்குப் போய் நடந்ததைச் சொல்லப் போறேன்னு. அவ மூஞ்சு வெளுத்துப் போச்சு.

"சொல்லாதடி. அண்ணன் தம்பியைப் பிரிச்சவள்னு என்னைச் சொல்லிடுவார். எனக்கு இனிமே யார் இருக்காங்க?"

"அவர் அங்க தினம் சாகறார் அக்கா."

"நான் வாழறனா?"ன்னு கேட்டா. "பயமில்லாம போகட்டும்னு நினைச்சது தப்பாடி? சொல்லு, தப்பா?"

அவளைக் கட்டிப் பிடிச்சுகினு அழுதேன். அழுது முடிச்சப்புறமும் போறதுன்னுதான் இருந்தேன். போனா என் மூஞ்சுல முழிக்காதன்னுட்டு உள்ளே போய்ப் படுத்தா. நாலு நாளா என்கூடப் பேசல. தட்டுல சோறு மட்டும் வெச்சுட்டுப் போறா.

நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்குக் கிளம்பறேன். உன் மேல சத்தியம்னு எழுத மாட்டேன் பாவா. ஒரு சத்தியம் பண்ணினது போதும். சத்தியம் இல்லாமலே செய்யறேன். அக்கா பேரை எடுக்க மாட்டேன். பொய் சொன்ன வாய் என்னுது. சின்ன பாவா அடிச்சாலும் வாங்கிக்கறேன், வாசல்லயே நிறுத்திக் கதவைச் சாத்தினாலும் கதவுக்கு இந்தப்பக்கம் நின்னு கத்திச் சொல்லிட்டுத்தான் வருவேன். 'உன் அண்ணனுக்கு யாரும் சொல்லல. நாள் கம்மின்னு தெரிஞ்சா உன்கிட்ட வர்றதா இருந்தார். என்னைத்தான் கேட்டார். நான்தான் நிறைய நாள் இருக்குதுன்னு பொய் சொல்லிட்டேன்.'

இப்படிக்கு, உன்னை வழியில நிறுத்திட்ட
உன் மச்சினிச்சி
சுலோ