பந்துக்காப்பாளனிடம் எப்போது சொல்வது, அத்தான்?

என் அன்புக்கும் கோபத்துக்கும் ஒருசேர உரிய அத்தானுக்கு,

போன ஞாயிறு உதைபந்தாட்டப் பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றிருந்தால் நம் அணி கீழ்ப்பிரிவுக்குப் போயிருக்கும். முடிவைப் பிறகு சொல்கிறேன். உங்களைக் காக்கவைப்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் ‘என்றும் புன்னகை தவழும் முகம்’ என்று எழுதியிருந்தார்கள். அதை எழுதியவர் உங்களை எந்த மைதானத்தில் பார்த்தாரோ? மூன்று கோல் வித்தியாசத்தில் வென்ற நாளில்கூட யாரோ செத்த வீட்டுக்கு வந்தவர்போலத்தானே நின்றீர்கள்.

பிரான்ஸில் உங்கள் காலத்தைப் பற்றியும் ஒரு பந்தி இருந்தது. பாதி பிழை. சிறுவனாகப் பாரிஸ் போனது, புறநகர்க் கழகமொன்றில் கோல் காத்தது, அந்தக் கழகம் மூன்றாம் பிரிவுவரை ஏறியது எல்லாம் இருந்தன. தோள் மூட்டு விலகி ஆட்டம் முடிந்ததும், அதே கழகத்துக்கு மனேஜரானதும் இருந்தன. ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றதும் தலைவர் தொலைபேசியில் உங்களை அனுப்பிவிட்டது மட்டும் இல்லை. அதன் பிறகுதானே அக்கா உங்களை இந்த ரோவில் ஊருக்குக் கூட்டி வந்தா? நீங்களே மறைக்காத விஷயம். இவர்கள் ஏன் மறைக்கவேண்டும்?

சரி, நம் வழக்குக்கு வருகிறேன்.

இங்கே நம் தமிழ்க் கழகத்துக்கு நீங்கள் மனேஜராக வந்தபோது பந்துக்காப்பாளன் நான். அந்த இறுதியாட்டத்துக்கு முதல் நாள் இரவு, எங்கள் வீட்டு மேசையில் இருந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டீர்கள். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டீர்கள். மறுநாள் எல்லோரும் சப்பாத்துக் கட்டும்போது, கையுறையை என்னைத் தாண்டி மற்றப் பந்துக்காப்பாளனிடம் நீட்டினீர்கள். உங்கள் வழக்கம் அது. பந்துக்காப்பாளன் யாரென்று மைதானத்தில்தான் தெரியும்.

“சாப்பிடேக்க ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அத்தான்” என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா உன்ரை சொதி இறங்கியிருக்குமோ?” என்றீர்கள். பிறகு அந்த விளக்கம்: “நாளைக்கு நிக்கப்போறன் எண்டு தெரிஞ்ச கோலி, இரவே எல்லாக் கோலையும் விட்டிடுவான்ரா.”

அந்தப் பதில் நிற்கப்போகிறவனுக்கு. நிற்காமல் போகிறவனுக்கு உங்களிடம் ஒரு பதிலும் இருக்கவில்லை. அப்பா, மாமா, கழகத்துச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் அவன் அதை அறியவேண்டுமா? இந்த நாட்டில் என் எஞ்சினியர் படிப்பை ஓரமாக வைத்தவர்களை எல்லாம் ஓரளவுக்கு மறந்துவிட்டேன். உங்களை மறக்கவில்லை.

உங்கள் இடத்துக்கு ஒருவரும் முன்வராததால், இந்த வருடம் என்னை மனேஜராக்கினார்கள். மனமுவந்து அல்ல. அக்காவின் முகத்துக்காக.

சனிக்கிழமை பின்னேரம் சுதனின் வீட்டுக்குப் போனேன். நாலு வருடமாக நம் பந்துக்காப்பாளன். போன மூன்று ஆட்டங்களில் அவனுடைய கைக்குள்ளால் பந்து வழுகியது உங்களுக்குத் தெரியாது. நாளைக்கு அவன் இல்லை என்று நேராகவே சொன்னேன். அவன் தொலைக்காட்சியை நிறுத்தினான்.

“வீட்டை வந்து சொன்னனீங்கள் அண்ணை, அது காணும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

குடித்தேன். அத்தான், அப்படி ஒரு தேத்தண்ணியை நீங்கள் உங்கள் வாழ்நாளில் குடித்ததில்லை. காரில் ஏறியதும், இளைய பந்துக்காப்பாளன் நிரோஷனுக்குத் தொலைபேசி எடுத்து, “தம்பி, நாளைக்கு நீதான்” என்றேன். உங்களை வென்றுவிட்டேன் என்று பாட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

காலையில் நிரோஷன் சிவந்த கண்ணோடு வந்து நின்றான்.

“அங்கிள், சீரியஸ்லி, நான் படுக்கவே இல்லை. ஏன் நேற்றே சொன்னீங்கள்?”

முதல் உதை, மெதுவாக உருண்டு வந்த பந்து. அவன் கால்களுக்கு நடுவால் போனது. நான் வானத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் அங்கிருந்து என்ன முகத்தோடு பார்ப்பீர்கள் என்று தெரியும்.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். வரமாட்டான் என்று நான் நினைத்த சுதன் வந்திருந்தான். கோலுக்குப் பின்னால் போய் நின்று, “நித்திரை கொண்டது காணும், முன்னுக்கு வாடா! இடப்பக்கம் பார்!” என்று தொண்டை கிழியக் கத்தினான். நிரோஷன் விழித்துக்கொண்டான். அதன்பிறகு ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. கடைசியில் நம்மவர்களும் ஒன்று போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. தப்பிவிட்டோம், அத்தான். அதே பிரிவில்தான் இருக்கிறோம்.

இரவு அக்கா வீட்டில் சாப்பாடு. “அத்தான் அரைவாசி சரி, நான் அரைவாசி சரி” என்று தீர்ப்புச் சொன்னேன். “இனி நிக்காதவனுக்கு முதல் நாள் வீட்டை போய்ச் சொல்லுவன். நிக்கிறவனுக்கு மைதானத்திலைதான்.”

குசினிக்குள்ளிருந்து அக்கா எட்டிப் பார்த்தா.

“இருக்கிறது ரெண்டு கோலி. ஒருத்தனுக்கு நீ இல்லையெண்டு சொன்னா மற்றவனுக்கு விளங்காதோ? நீயெல்லே படிச்சவன்!”

நீங்கள் போனபிறகு அவ வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். அதற்காகவே என் முட்டாள்தனத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் தீர்ப்பை மாற்றப்போவதில்லை. அணிக்கு மூன்றாவது பந்துக்காப்பாளன் இருந்தால் கணக்குச் சரிவரும். ஆளையும் தீர்மானித்துவிட்டேன். நான்தான். முழங்கால் இன்னும் மடங்குகிறது. சிரிக்காதீர்கள், உங்களுக்கு அது வழக்கமில்லை.

வாக்குத் தருகிறேன் அத்தான்: அடுத்த பருவம் ஒரு ஆட்டமாவது நான் நிற்பேன். அது எந்த ஆட்டமென்று எனக்கே மைதானத்துக்குப் போய்த்தான் தெரியும். என்னை வெளியே நிறுத்த இருந்த ஒரே ஆள் நீங்கள். நீங்கள் வந்து கையுறையை என்னைத் தாண்டி நீட்டினால், இந்தமுறை ஏனென்று ஒரு சொல்லும் கேட்கமாட்டேன்.

இன்னும் மன்னிக்காத,
உங்கள் ஒரே மச்சான்