கருமணல் வழியில் உன் பின்னால்

இன்று காலை வெக்ஸ்போர்ட் வீட்டில் விளக்கேற்றத் தீக்குச்சியை உரசினேன். கந்தக வாசம் எழுந்தது. சுடர் பிடிப்பதற்குள் நான் ஐஸ்லாந்தில் நின்றேன். நீ எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாய்.

நம் இரு வீட்டுப் பிள்ளைகளும் வளர்ந்து, சிநேகிதிகளாய் நாம் வேலை பார்த்த மிசிசாகா அலுவலகத்தில் இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்த கோடை அது. மற்றவர்கள் கோயில், கடற்கரை என்று போக, உனக்கு எரிமலை தேவைப்பட்டது. "ஒண்டுமே முளைக்காத இடத்தை ஒருக்காப் பாக்கவேணுமடி," என்றாய். நீ பிடித்தால் பிடித்ததுதான்.

அங்கே மரமில்லை, பறவையில்லை. எப்போதோ உருகி ஓடி, ஓடிய கோலத்திலேயே இறுகிப்போன கரும்பாறை கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடந்தது. வெடிப்புகளிலிருந்து கந்தக ஆவி மெல்ல எழுந்தது. சப்பாத்தின் கீழ் கருமணல் நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில் இருப்பவள்போல் நான் உன் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

பனிமூட்டம் வந்தது. முதலில் உன் கால்கள் மறைந்தன, பிறகு சிவப்பு ஜாக்கெட். உன் பெயர் என் தொண்டைவரை வந்தது. கூப்பிடவில்லை. பயணம் போகிறவரைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழகிய வாய், எரிமலையிலும் மூடிக்கொண்டது. உன்னைத் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நீயாகத்தான் திரும்பி வந்தாய்.

"ஏனடி கூப்பிடேல்லை?"

"போற ஆளைப் பின்னாலை கூப்பிடக் கூடாதெல்லே."

"விசரி! இந்தப் பனிப்புகாருக்கை சகுனம் பாத்துக்கொண்டே நிண்டனி?"

பாறையில் குந்தியிருந்து வயிறு நோகச் சிரித்தாய். பிறகு என் கையைப் பிடித்தாய். விடவேயில்லை. "இனிமேல் கூப்பிடு. நான் எங்கை போனாலும் கூப்பிடு," என்றாய்.

இந்த மாரியில் உன்னைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். தகனசாலைக் கதவு திறந்தது. எல்லோரும் தேவாரம் பாடிக்கொண்டு பின்னால் போனோம். பெட்டி உள்ளே நகரத் தொடங்கியபோது, நான் உரக்க உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தேவாரம் நின்றது. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். உன் மகள் மட்டும் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்ரி, இன்னொருக்காக் கூப்பிடுங்கோ."

கூப்பிட்டேன். அவளும் கூடவே "அம்மா" என்றாள்.

இப்போதும் வேலைக்குத் தனியே காரோட்டிப் போகும்போது கூப்பிடுகிறேன். பதில் வராது, தெரியும். வாயை மூடிக்கொண்டு நிற்க மட்டும் இனி என்னால் முடியாது.